முடிந்துபோன கல்யாணத்துக்கு ஓர் அழைப்பு

காளிச்சாமி என்ற பெயரை ராசாத்தாள் முதன்முதலில் கேட்டபோது அவள் வாயில் ஒப்புட்டுப் போளி இருந்தது. மதுக்கரையில் அவளுடைய பெரியம்மா மகளுக்குக் கல்யாணம். இரண்டாம் பந்தி. எதிர் வரிசையில் இருந்த ஒரு பெரியவர் இலையை மூடப் போனவர், கையை அப்படியே நிறுத்திக்கொண்டு, "போச்சு, காளிச்சாமி வாரான். இன்னியும் ஒரு கரண்டி வாங்காம எந்திரிக்க உடமாட்டான்" என்றார்.

உயரமாக, ஒல்லியாக ஓர் ஆள் வரிசை ஓரமாக வந்தார். கையில் வாளி கிடையாது, கரண்டி கிடையாது. வாய் மட்டும்தான். "ஏனுங்க மாமா, ரசத்தோட எலையை மூடினா என்னுங்க அர்த்தம்? இந்த ஊட்டுல மோருக்குப் பஞ்சம்னு ஊருக்குள்ள சொல்லிப்போட மாட்டாங்களா? தம்பி, மாமாவுக்கு மோர் கொண்டா!" என்று சொல்லிவிட்டு, ராசாத்தாள் முன்னால் வந்து நின்றார். "இந்த அம்மணி செட்டிபாளையத்துப் பொன்னுச்சாமி மகதானுங்க? மூக்கு அப்படியே அவிங்க அப்புச்சியாட்டவே இருக்குது. அம்மணிக்கு இன்னொரு ஒப்புட்டு!"

அவளுடைய அம்மாவைப் பெற்ற அப்புச்சியின் மூக்கு ஊரறிந்த மூக்கு. ராசாத்தாளுக்குக் கோபம் வந்தது. ஆனாலும் ஒப்புட்டைத் தின்றாள். அடுத்த தையில் அதே ஆளுக்குக் கழுத்தையும் நீட்டினாள்.

காளிச்சாமிக்கு மதுக்கரையில் தோட்டம் உண்டு, தென்னை உண்டு, மாடு உண்டு. ஆனால் சொந்தபந்தத்துக்குள் அவருடைய வேலை பந்தி விசாரிப்பது. சமைப்பவன் சமைப்பான், பரிமாறுகிறவன் பரிமாறுவான். உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவரையும் முறை சொல்லிக் கூப்பிட்டு, போதும் போதும் என்று சொல்ல வைத்து, வயிறும் மனசும் நிறைந்து எழுப்பி அனுப்ப ஓர் ஆள் வேண்டும். அது அவர்தான். யாருக்குக் கத்தரிக்காய் ஆகாது, யாருக்குக் கண்ணில் புரை, எந்த அண்ணனும் தம்பியும் வரப்புத் தகராறில் பேசுவதில்லை, ஆகவே அவர்களை எதிரெதிர் இலையில் உட்கார வைக்கக் கூடாது, எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். கல்யாணம் முடிந்து வீடு வருகிற வரைக்கும் அந்தப் பேச்சு ஓயாது. வீடு வந்த பிறகும் ஓயாது.

போன வருஷம் ஆடிக் கடைசியில் ஒரு சீருக்குப் போய்விட்டுக் காரில் திரும்பும்போது ராசாத்தாளுக்குத் தலைவலி. காளிச்சாமி, சூலூரில் இருக்கிற ஓர் ஒன்றுவிட்ட சித்தப்பாவின் இரண்டாம் சம்சாரத்தின் கொழுந்தனார் எந்த வகையில் தங்களுக்குப் பங்காளி என்பதை மூன்றாம் முறையாக விளக்கிக்கொண்டு வந்தார்.

"ஏனுங்க, சித்தெ நேரம் அந்த வாயை மூடிட்டு வாங்களேன். உங்க நாயத்தைக் கேட்டுக் கேட்டு எம்பட காதே தேஞ்சு போச்சு."

அவர் திரும்பி அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பேசவில்லை.

மறுநாளும் அதிகம் பேசவில்லை. அதற்கடுத்த வாரம் அதைவிடக் குறைவு. கேட்டதற்குப் பதில் வரும், ஆனால் கேட்டவர் எழுந்து போன பிறகு வரும். பகலெல்லாம் தூங்கினார். சாப்பாடு பாதியானது, ஆனால் முகம் மட்டும் ஊறவைத்த பருப்பாகத் தடித்துக்கொண்டே போனது. மலச்சிக்கலுக்கு வீட்டில் எப்போதும் ஒரு சீப்பு பூவன் தொங்கியது. குரல் மண்ணை அள்ளிப் போட்ட மாதிரி கரகரத்தது. தான் சொன்ன ஒரு சொல் நாற்பத்தாறு வருஷப் பேச்சை அடைத்துவிட்டது என்று ராசாத்தாள் முடிவு கட்டிக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. எந்த வாயால் சொல்வது?

சொல்லவும் தேவையில்லாமல் போயிற்று. ஆவணியில் அவளுடைய தம்பி ஆறுச்சாமி மாட்டிக்கொண்டான்.

ஆறுச்சாமி பெரியநாயக்கன்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருப்பவன். அவன் மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகையைக் காளிச்சாமியின் மகன் சரவணனுடைய வாட்சப்பில் அனுப்பினான். 'மச்சான்கிட்டச் சொல்லிருங்க மாப்ள' என்று கீழே ஒரு வரி, அதற்கும் கீழே கும்பிடுகிற கை இரண்டு. அவ்வளவுதான். வெற்றிலை பாக்கு இல்லை, நேரில் வரவில்லை. அந்தக் கல்யாணத்தில் காளிச்சாமி முதல் பந்தியில் உட்கார்ந்து, இலையில் இருந்ததைப் பாதி தின்று, கையைக் கழுவிவிட்டு, மண்டபத்து ஓரத்தில் ஒரு நாற்காலியில் தூங்கிவிட்டார்.

முந்நூறு பேர் பார்த்தார்கள். காளிச்சாமி பந்தி விசாரிக்கவில்லை! சாயங்காலத்துக்குள் தீர்ப்பு எழுதியாயிற்று. "தங்கச்சி புருசனாட்ட நெனச்சு போன்ல கூப்புட்டிருக்கறான். மூத்த மச்சானை! மனுசனுக்கு மனசு ஒடஞ்சு போச்சு. வெசனம் புடுச்சுப் போச்சு." வெசனம் என்ற சொல் அன்றைக்கு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. ராசாத்தாள் தன் தம்பியைத் திட்டுகிறவர்களோடு சேர்ந்து தலையாட்டினாள். உள்ளுக்குள் உறுத்தியது. தலை மட்டும் ஆடியது.

வெசனத்தைத் தீர்க்க ஆளுக்கொரு வழி சொன்னார்கள். மருமகள் மிளகாய் சுற்றிப் போட்டாள். பூச்சியூரில் இருக்கிற ஒரு சகலை, மனுஷனைச் சிரிக்க வைத்தால் சரியாகும் என்றான். சரவணன் அப்பாவை விடிகாலையில் காரில் ஏற்றிக்கொண்டு போய், பூங்காவில் கூடுகிற சிரிப்புச் சங்கத்தில் நிறுத்தினான். நாற்பது பேர் கையைத் தூக்கி ஹா ஹா ஹா என்று சிரித்தார்கள். காளிச்சாமி சிரிக்கவில்லை. எல்லாரும் சிரித்து முடித்து, மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, ஓய்வு பெற்ற ஒரு தாசில்தார் இறந்துபோன உறுப்பினருக்கு இரங்கல் சொல்ல எழுந்தபோது, "ஹா" என்றார்.

அதோடு சிரிப்புச் சங்கத்துக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

தை மாதம் பேத்தி நந்திதாவைப் பார்க்கப் போத்தனூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். மாப்பிள்ளை மிதுன் நல்ல பையன். அவனுடைய அத்தை ஒருத்தி கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வீட்டைப் பார்த்தாள். நடுக்கூடத்தில் கம்பளிச் சட்டையும் குரங்குக் குல்லாவுமாகக் காளிச்சாமி சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

"பெரியவருக்கு எங்களைப் புடிக்கலீங்களா? ஒரு வார்த்தை பேச மாட்டீங்கறாரு?"

சரவணனுக்கு வேர்த்துவிட்டது. பெண் வீட்டுத் தாத்தாவுக்கு மனசு சரியில்லை என்று தெரிந்தால், நாளைக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் வருமோ என்று கேட்பார்கள். "அது வந்துங்க... அப்பா மௌன விரதமுங்க" என்று சொல்லிப்போட்டான்.

"அடேங்கப்பா! எத்தனை நாளைக்குங்க?"

"அது... பேத்தி கல்யாணம் முடியற வரைக்குங்க."

அத்தை சட்டென்று எழுந்து காளிச்சாமியின் காலில் விழுந்தாள். பின்னாலேயே மாப்பிள்ளை வீட்டார் பதினோரு பேரும் வரிசையாக விழுந்தார்கள். பதினோராவது ஆள் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டிருந்தபோது காளிச்சாமி முதல் ஆளுக்காகக் கையைத் தூக்கினார். ஆவணியில் கல்யாணம் என்று முடிவாயிற்று.

விரதக் கதை எவ்வளவு நாள் தாங்கும்? அதற்குள் அப்பாவைச் சரிசெய்ய வேண்டும். சரவணன் மாமனுக்குப் போன் போட்டான். "மாமா, செஞ்ச தப்பை நீங்களேதான் சரிபண்ணோணும். முறையா வந்து கூப்புட்டுப் போடுங்க."

"எதுக்குக் கூப்படறது மாப்ள? கல்யாணம் முடிஞ்சு ஏழு மாசம் ஆச்சே."

"அந்தக் கல்யாணத்துக்குத்தான்."

பங்குனியில் ஒரு நல்ல நாள் பார்த்து ஆறுச்சாமி வந்தான். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், மிச்சமிருந்த பத்திரிகையில் ஒன்று, நாலு மூலையிலும் மஞ்சள் தடவி. கூட அவன் மனைவி. அவளுக்குப் பின்னால், எந்தக் கல்யாணத்துக்கு அழைக்கிறார்களோ அந்தக் கல்யாணப் பெண்ணே, ஆறு மாத வயிற்றோடு.

"மச்சானுங்க," என்று குனிந்தான் ஆறுச்சாமி. "வர்ற... போன ஆவணி பதினெட்டாந் தேதி நம்ம பையனுக்குக் கல்யாணமுங்க. நீங்க குடும்பத்தோட மொதல் நாளே வந்திருந்து நடத்திக் குடுத்துப்போடோணுமுங்க."

காளிச்சாமி பத்திரிகையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மண்டபத்துல... ஃபேன் ஓடுமா?"

"ஓடுமுங்க மச்சான்! ஏசி மண்டபமாச்சுங்களே!"

"அப்ப நான் வர்லை," என்றார் காளிச்சாமி. "குளுரும்."

ஆறுச்சாமி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அக்கா, மச்சானுக்கு இன்னும் மனசு ஆறலையே! ஏசியைச் சொல்லிச் சாட்டையில அடிக்கறாரே!"

மனுஷன் குளிர்கிறது என்று சொன்னார். குளிர்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. ராசாத்தாளும் கேட்கவில்லை. வாசல் வரை போய்த் தம்பியை வழியனுப்பும்போது, உன் மேலே தப்பில்லைடா, நான்தான், என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தாள். "பழத்தை எடுத்துட்டுப் போ, இங்க திங்க ஆளில்லை" என்று மட்டும் சொன்னாள்.

சித்திரையில் சரவணன் தன் திட்டத்தைச் சொன்னான். கல்யாணத்தன்றைக்கு அப்பா தோட்டத்திலேயே இருக்கட்டும். துணைக்கு ஓர் ஆள் போட்டுவிடலாம். கேட்டால் விரதத்தில் கூட்டத்துக்கு வரக் கூடாது என்று சொல்லிக்கொள்ளலாம்.

ராசாத்தாள் மோர் கடைந்துகொண்டிருந்தாள். மத்து நின்றது. "ஊர்ல இருக்கற கல்யாணத்துக்கெல்லாம் பந்தி பாத்த மனுசன், சொந்தப் பேத்தி கல்யாணத்தன்னிக்குக் கட்டுத்தறியில உக்கோந்துட்டு இருக்கறதா?"

"வேற என்னம்மா பண்ணட்டும்? அங்க வந்து தூங்கிப்போட்டா? நந்திதா வாழ்க்கைம்மா."

"சரி சாமி. அப்ப ரெண்டு பேருக்குத் துணை போடு. நானும் வர்லை."

"அம்மா! ஆத்தா இல்லாம ஒரு கல்யாணமா? ஊரு என்ன சொல்லும்?"

"எனக்கும் விரதம்னு சொல்லிரு. உனக்குத்தான் வாய்ல வந்துட்டே இருக்குதே."

இது நடந்த நாலாம் நாள் செவலை மாடு காலையிலிருந்து புண்ணாக்கைத் தொடவில்லை. பத்து மணிக்குப் பார்த்தார்கள், பத்தே காலுக்கு மாட்டு டாக்டருக்குப் போன் போனது, பதினொன்றுக்குள் டாக்டர் சசிதர் பைக்கில் வந்து இறங்கிவிட்டார். நாயக்கர் வீட்டுப் பையன், முப்பது வயது இருக்கும்.

கட்டுத்தறியில் செவலை படுத்திருந்தது. அதன் வயிற்றில் சாய்ந்து, சித்திரை வெயில் கூரையைக் காய்ச்சுகிற நேரத்தில், கம்பளிச் சட்டையும் குல்லாவுமாகக் காளிச்சாமி உட்கார்ந்திருந்தார்.

"ஐயா எதுக்குங்க மாட்டு மேல சாஞ்சிருக்கறாரு?"

"வெசனமுங்க டாக்டர்," என்றான் சரவணன், குரலைத் தாழ்த்தி. "எங்க மாமன் அவரு பையன் கல்யாணத்துக்கு வாட்சப்புல கூப்புட்டுப்போட்டாருங்க. அதுல இருந்து இப்படித்தான்."

சசிதர் பையைத் திறந்தார். மாட்டுக்கு வயிற்றைத் தட்டினார், குழலை வைத்துக் கேட்டார், ஓர் ஊசி போட்டார். செரிமானக் கோளாறுதான், சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும். எழும்போது காளிச்சாமியைத் தூக்கிவிடக் கையைப் பிடித்தவர், அந்தக் கையை விடவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார்.

"செவலைக்கு அறுபத்தெட்டு அடிக்குதுங்க. ஐயாவுக்கு நாப்பத்தாறு." குனிந்து முகத்தைப் பார்த்தார். "புருவத்துல கடைசிப் பக்கம் முடி எங்கீங்க போச்சு?"

ராசாத்தாள் பார்த்தாள். நாற்பத்தாறு வருஷமாகப் பார்த்த முகம். இரண்டு புருவமும் பாதியோடு நின்றிருந்தன. எப்போது போயிற்று?

"அம்மா, நான் மாட்டு டாக்டருங்க. மனுசனுக்கு மருந்து சொன்னா எம்பட சர்டிபிகேட்டைப் புடுங்கிப்போடுவாங்க. ஒன்னு மட்டும் கேக்கறேன். செவலை அரை நாள் திங்கலைன்னு என்னைய ஓடியாரச் சொன்னீங்க. ஐயா எத்தனை நாளா இப்படி?"

"ஆடியில இருந்து கண்ணு."

"ரத்தம் எடுத்துப் பாத்தீங்களா?"

"வெசனத்துக்கு எதுக்கு கண்ணு ரத்தம்?"

"ஒரு மாடு இப்படிக் குளுர்ல நடுங்கிட்டு, மொகம் வீங்கி, சும்மா படுத்தே கெடந்தா, அதுக்கு மச்சினன் மேல கோவம்னு நான் எழுத மாட்டனுங்க. மொதல்ல ரத்தம் எடுப்பேன். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

மறுநாள் கோயமுத்தூரில் டாக்டர் ரம்லாவிடம் போனார்கள். ஐம்பது வயது அம்மாள், அதட்டாமல் பேசுகிறவர். ரத்தம் எடுத்து, நெஞ்சுக்குப் படம் எடுத்து, இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். வந்ததும் காகிதத்தை மேசையில் வைத்தார். தைராய்டு என்று ஒரு சுரப்பி, கழுத்தில் இருக்கிறது, அது ஏறக்குறைய வேலையை நிறுத்திவிட்டது. அது நின்றால் உடம்பில் எல்லாமே மெதுவாகும். பேச்சு, நடை, குடல், நெஞ்சுத் துடிப்பு, யோசனை எல்லாம்.

"அப்ப வெசனம் இல்லீங்களா?" என்றாள் ராசாத்தாள்.

"பாக்கறதுக்கு அப்படியேதாம்மா இருக்கும். வயசானவங்களுக்கு நெஜமாவே மனச்சோர்வும் வரும், அதுக்கும் வைத்தியம் இருக்கு. ஆனா அதுதான்னு முடிவு கட்டறதுக்கு முன்னால ஒடம்பையும் பாக்கணும். ரத்தம் எடுக்கச் சொல்லி உங்களை அனுப்புனது யாரு?"

"மாட்டு டாக்டருங்க."

ரம்லா கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். "நல்ல டாக்டர்," என்றார்.

ராசாத்தாளுக்கு இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. சரவணனை மருந்து வாங்க அனுப்பிவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். "ஏனுங்க டாக்டர், பொண்டாட்டி வாயை மூடச் சொன்னா இந்தச் சுரப்பி நின்னு போகுங்களா?"

"அப்படி நின்னு போறதா இருந்தா இந்த ஊர்ல எந்த ஆம்பளைக்கும் தைராய்டு இருக்காதும்மா."

ராசாத்தாள் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் காளிச்சாமி தூங்கிக்கொண்டிருந்தார்.

மாத்திரை கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. வயசு எழுபத்தொன்று, நெஞ்சு தாங்க வேண்டும், ஆகவே சின்ன அளவில் ஆரம்பித்து, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்து, மெல்ல மெல்லத்தான் ஏற்றுவார்கள். வெறும் வயிற்றில் போட வேண்டும், போட்டு ஒரு மணி நேரத்துக்குக் காப்பி கூடாது. வழக்கமான ஐந்தரை மணிக் காப்பி நின்றுபோனதற்கு மூன்று வாரம் காளிச்சாமி ஒன்றும் சொல்லவில்லை. நாலாம் வாரம் ஒரு நாள் ஐந்தே முக்காலுக்கு, "காப்பி எங்கே?" என்றார். ராசாத்தாள் சமையலறையில் நின்றபடி அந்தக் குரலை மறுபடி கேட்கக் காத்திருந்தாள். "ஏ புள்ள, உன்னையத்தான்! காப்பி எங்கேன்னு கேக்கறேன்!"

ஆறரை வரைக்கும் கொடுக்கவில்லை. அதுவரைக்கும் அவர் திட்டினார். அவள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று அவ்வளவையும் கேட்டாள்.

ஆனியில் கம்பளிச் சட்டை கழன்றது. ஆடியில் ரசத்தில் புளி எச்சு, காரம் பத்தலை என்றார். குரல் முக்கால்வாசி திரும்பிவிட்டது. ஒரு நாள் மத்தியானம் ராசாத்தாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"ஏனுங்க, போன ஆடியில கார்ல வரும்போது உங்களை வாயை மூடச் சொன்னேனே. அது உங்க மனசுல இருக்குதுங்களா?"

காளிச்சாமி யோசித்தார். "நாப்பத்தாறு வருசமா தெனமும் அதைத்தானே சொல்றே? அதுல எந்த நாளைக் கேக்கறே?"

ஒரு வருஷமாகச் சுமந்ததை அந்த மனுஷன் ஒரு நொடியில் இறக்கிப் போட்டுவிட்டார். ராசாத்தாளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, இதற்காகவா தூங்காமல் கிடந்தோம் என்று எரிச்சலாகவும் இருந்தது.

எழுந்திருக்கப் போனாள். "சித்தெ இரு," என்றார் காளிச்சாமி. "ஆறுச்சாமி பையன் கல்யாணத்துக்கு நம்மளை எப்படிக் கூப்புட்டாங்க? அவன் தாம்பாளத்தோட வந்த மாதிரியே எனக்கு நெனப்பில்லையே?"

"பங்குனியில வந்து கூப்புட்டான்ல?"

"கல்யாணம் ஆவணியில. பங்குனியில எதுக்கு வந்தான்?"

ராசாத்தாள் வேறு வழியில்லாமல் வாட்சப்பைச் சொன்னாள். காளிச்சாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். முகம் சிவந்தது. "போன்லயா? என்னைய? மூத்த மச்சானை? அந்த லேத்துக்காரன் போன்லயா கூப்புட்டான்?" அன்றைக்கு முழுக்க அந்த வீட்டில் வேறு பேச்சே இல்லை. டாக்டர் ரம்லா பார்த்திருந்தால் மாத்திரை நன்றாக வேலை செய்கிறது என்று எழுதியிருப்பார். கடைசியில் ஆறுச்சாமி அதே கல்யாணத்துக்கு மூன்றாம் முறையாக அழைக்க வந்தான். இந்தத் தடவை அழைக்கப்பட்ட கல்யாணத்தின் கைக்குழந்தையும் கூட வந்தது.

"வந்துடறேன்," என்றார் காளிச்சாமி, பத்திரிகையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு. "ஆனா பந்தியில எடுத்த எடுப்புல சாம்பாரை ஊத்த உடாதே. பருப்பு நெய் போட்டதுக்கப்பறம்."

"சரிங்க மச்சான்," என்றான் ஆறுச்சாமி.

ஆவணியில் நந்திதா கல்யாணம். சரவணன் அப்பாவை முன்வரிசை நாற்காலியில் உட்கார வைத்து, "அப்பா, விரதம், தாலி கட்டற வரைக்கும் பேசிப்போடாதீங்க" என்று கெஞ்சிவிட்டுப் போனான். கெட்டிமேளம் வரைக்கும் காளிச்சாமி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். தாலி கழுத்தில் ஏறியதுதான் தாமதம், நாற்காலி காலி. முதல் பந்தியில் மாப்பிள்ளையின் அத்தை இலையை மூடப் போனாள்.

"ஏனுங்க அம்மணி, ரசத்தோட நிறுத்தினா என்னுங்க அர்த்தம்? நீங்க போத்தனூர் சின்னப் பண்ணாடி பேத்திதானுங்க? மூக்கைப் பாத்தாலே தெரியுதே. தம்பி, அம்மணிக்கு ஒப்புட்டு!"

அத்தை பதறி எழுந்து, எச்சில் கையோடு கும்பிட்டாள். "சாமி விரதத்தை முடிச்சு மொதல் வார்த்தை எங்கிட்டத்தான் பேசுனாருங்க!" என்று மண்டபம் முழுக்கச் சொன்னாள். ஒப்புட்டையும் தின்றாள். அன்றைக்கு மூன்று பந்தி, அறுநூறு இலை. காளிச்சாமி நடுவில் இரண்டு முறை மட்டும் உட்கார்ந்தார்.

திரும்பி வரும்போது காரில், அந்த அத்தையின் மூக்கு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, அந்த வழியில் அவள் தங்களுக்கு என்ன முறை ஆகிறாள் என்று ஆரம்பித்தார். மதுக்கரைக் கேட் தாண்டியும் முடியவில்லை. ராசாத்தாள் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"ஏனுங்க, சித்தெ நேரம் அந்த வாயை மூடிட்டு வாங்களேன்."

அவர் மூடவில்லை.

காளிச்சாமி இப்போது மதுக்கரைத் தோட்டத்து வீட்டில்தான் இருக்கிறார். ஐந்தரைக்கு மாத்திரை, ஆறரைக்குக் காப்பி. வருகிற தையில் செட்டிபாளையத்தில் ஒரு கல்யாணம், பந்தி பார்க்கச் சொல்லி நேரிலேயே வந்து அழைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.